தவக்கால வெள்ளியில் மட்டன் ரோல்ஸ்

லண்டனின் டூட்டிங்கில் மழை. ஒதுங்க நுழைந்த யாழ்ப்பாணத்தார் சிற்றுண்டிக் கடையில் ஓர் அமெரிக்கக் குரல் முழங்குகிறது. டீ பாய்லரில் சாய்த்து வைத்த கைபேசியில் ஒருவர், அரசாங்கம் சிறுக்க வேண்டும், குடும்பமும் தேவாலயமும் வலுக்க வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசுகிறார். ரோல்ஸ் புரட்டும் ரஸ்க் தூள் படிந்த கையோடு கடைக்காரர் சேவியர் தலையாட்டுகிறார். சென்னையிலிருந்து இத்தனை தூரம் வந்தும் அரசியல் என்னை விடவில்லை.

"அமெரிக்காவுல உங்களுக்கு ஓட்டே இல்லையே, அண்ணே?"

"ஓட்டு இல்லை. காது இருக்குத்தானே, தம்பி."

மட்டன் ரோல்ஸ் கேட்கிறேன். இல்லையாம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கிறிஸ்தவர்கள் இறைச்சி விலக்கும் நாள்; மீன் ரோல்ஸ் மட்டும்தான். எனக்குப் பின்னால் வந்த இரண்டு கட்டட வேலைக்காரர்களுக்கும் அதே பதில். அவர்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க நோன்புக்கு ஊரே பட்டினி கிடக்கணுமா? இந்தப் போன்ல பேசுற ஆளு கையில அதிகாரம் வந்தா, இதையே சட்டமாக்கிடுவாரு."

சேவியர் கைபேசியை நிறுத்துகிறார்.

"ஆரும் பட்டினி இல்லை. எதிர்க் கடையில ஆட்டிறைச்சி இருக்கு, கேட்டால் நானே வழி காட்டுவன். என்ர கடையில நான் விக்கமாட்டன். அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கதை. அதுக்குள்ள அரசாங்கத்துக்கு என்ன வேலை?"

"சட்டம் வந்துட்டா?"

அவர் எண்ணெயிலிருந்து மீன் ரோல்ஸை எடுத்து என் தட்டில் வைக்கிறார்.

"வந்தால், அந்த வெள்ளிக்கிழமையே மட்டன் பொரிப்பன்."