ஜானட் கட்டிய நூறு ரூபாய் வரி

எண்ணூர்க் குப்பத்தில் மீன் விற்கும் ஜானட்டுக்கு ஊர் வரி கிடையாது. அங்கே கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஐந்நூறு, சொந்தப் படகு இருந்தால் ஆயிரம். புருஷன் செத்துவிட்டால் பெண்டாட்டிக்கு வரியைத் தள்ளிவிடுவார்கள். கூடவே ஊர்க்கூட்டத்தில் கை தூக்குவதும் போய்விடும். புருஷன் போன இந்தப் பதினாறு வருஷமாக ஜானட் அதற்குக் கவலைப்படவில்லை. மீன் விற்றாள், வாய்க்கு வந்ததைப் பேசினாள், நன்றாகத் தூங்கினாள்.

இப்போது கரையில் இருக்கும் மீன் கொட்டகையை மெயின் ரோட்டுக்கு மாற்றப் பேச்சு. கூடையோடு அவ்வளவு தூரம் நடக்க அவள் முட்டி ஒத்துக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் கை எண்ணி முடிவு.

கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் கௌசர் சங்கரா மீன் வாங்க வந்தபோது, செல்லில் செய்தி படித்துச் சொன்னாள். உலக நாடுகள் சேர்ந்து ஒரு சபை வைத்திருக்கின்றனவாம். பணக்கார நாடு கோடி கோடியாகக் கட்டிவிட்டு, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று முனகுமாம். சுண்டைக்காய்த் தீவு தன்னால் முடிந்ததைக் கட்டுமாம். பொதுச்சபையில் கை தூக்கினால் இரண்டும் ஒன்றுதானாம். ஜானட் செதில் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறன்று ஊர்த்தலைவர் அலெக்ஸாண்டர் முன்னால் நூறு ரூபாயை வைத்தாள். பின்னால் பத்து கைம்பெண்கள், ஆளுக்கொரு நூறோடு.

"ஒனக்கு நல்லதுன்னுதானேக்கா வரிய தள்ளிக்கீறோம்," என்றார் அவர்.

"வரிய தள்ளசொல்லோ என்னியும் சேத்து தள்ட்டியே நைனா."

ஐந்நூறு கட்டுகிறவனுக்கும் நூறு கட்டுகிறவளுக்கும் ஒரே கையா, இது என்ன நியாயம் என்று படகுக்காரன் ஒருவன் எகிறினான். ஜானட் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஆயிரம் கட்ற. ஒனக்கு இன்னா ரெண்டு கையா எண்றாங்கோ?"

கூட்டம் சிரித்துவிட்டது. அலெக்ஸாண்டர் பணத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் கை எண்ண வந்தவன், பழக்கதோஷத்தில், பெண்கள் பக்கம் பார்க்காமலே தாண்டிப் போனான்.

"ஏய், இது இன்னா சுறா துடுப்பா? எண்ணுடா."

திரும்பி வந்து எண்ணினான். நாலு கை வித்தியாசத்தில் கொட்டகை கரையிலேயே நின்றது. ரசீதில் தலைக்கட்டு என்ற இடத்தில் தன் பேர்தான் இருக்கிறதா என்று, படிக்கத் தெரியாத ஜானட், அலெக்ஸாண்டரை இரண்டு தரம் படிக்கவைத்தாள். அவரை அவள் என்றைக்கும் நம்பியதில்லை.