மனைவிக்கு நான் எடுத்த டியூஷன்

முப்பது வருடம் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்த புத்தி லேசில் போகாது. தென்காசி டாக்டரம்மா, “அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, ஞாபகசக்திக்குச் சின்ன டெஸ்ட் வச்சுப் பாப்போம்” என்றதும், மேலகரம் வீட்டில் டியூஷனை ஆரம்பித்துவிட்டேன். மாணவி என் மனைவி. அவளும் ரிட்டயர்டு டீச்சர்தான். சில மாதங்களாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள், குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாள்.

செல்போனில் தேடிக் கேள்வித்தாளையே பிடித்துவிட்டேன். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். காலையும் மாலையும் ஒப்பிக்க வைத்தேன். தப்பினால், “ஏட்டி, கவனம் எங்கன இருக்கு?” என்று அதட்டவும் செய்தேன். அவளும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒப்பிப்பாள். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அதே தாள்தான் வந்தது. கடகடவென்று சொல்லிவிட்டாள். “பயப்பட ஒண்ணுமில்ல, ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்” என்றார் டாக்டரம்மா. முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

நான்காம் நாள், சாரல் தூறிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவுக்குக் கீரை வாங்கப் போனவளைக் கடைக்கார அண்ணாச்சி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். “டீச்சருக்கு வீட்டுக்கு வழி தெரியல சார். அங்கனயே நனைஞ்சுக்கிட்டு நின்னாவ” என்றார்.

மறுநாளே அவளையும் அழைத்துக்கொண்டு போய், நான் செய்ததை டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. “இது பாஸாகுறதுக்கான பரீட்சை இல்ல சார். காய்ச்சல மறைச்சா மருந்து எப்படிக் குடுக்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, வேறு வார்த்தைகள் உள்ள தாளை எடுத்தார். ஐந்தில் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் வரைந்த கடிகாரத்தில் எண்களெல்லாம் ஒரே பக்கமாக நெருங்கிக் கிடந்தன. மாத்திரை எழுதிக் கொடுத்து, ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். வகுப்பில் பெயிலான பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னாள்:

“இதுக்குப் போய் அழுவாவளா? அடுத்த தடவ நல்லா எழுதிருவீய. நான் சொல்லித் தாரேன்.”