கோபித்துக்கொள்ள ஓர் ஆள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்து, ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டே ஓய்வுபெற்றவர் காமாக்ஷி. கணவர் போனபின் மயிலாப்பூர் வீட்டில் தனியாக இருந்தார். தி. நகரில் இருந்த மகன் பரத்வாஜ், தான் வருவதற்குப் பதில் சத்து மாத்திரைகளை ஆள் மூலம் அனுப்புவான். அப்படி ஒரு பொட்டலம் வந்த அன்று போனில் சொன்னார்: "வயசானவாளுக்கு மருந்தைவிடக் கோபிச்சுக்க ஒரு ஆள் வேணும்டா."

அதற்கும் அவன் வரவில்லை. வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். நல்லபடியாக முதுமையடைவது எப்படி என்பதுதான் அவனுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி.

ஆராய்ச்சி புத்தகமாக வந்தபோது, வெளியீட்டு விழாவுக்கு அழைக்க ஒரு பிரதியோடு நேரில் வந்தான். முதல் பக்கத்தில் அவர் சொன்னது, நல்ல தமிழில். அடியில் வாயில் நுழையாத ஒரு ரோமானிய ஞானியின் பெயர்.

"இது நான் சொன்னதில்லையோ?"

"ஆமாம்மா. யார் சொன்னதுன்னு கைடு கேட்டார். எங்கம்மான்னா சிரிப்பார். வாயில வந்த பேரைச் சொல்லிட்டேன்."

"அந்த ஞானிக்கும் பிள்ளை மாத்திரை அனுப்பினானோ?"

"விளையாடாதேம்மா. என் கட்டுரையைப் பார்த்து இன்னும் நாலு பேர் அதே பேரைப் போட்டுட்டா. இப்போ மாத்தினா என் மானம் போயிடும்."

"எழுத வேண்டாம். மேடையில வாயால ஒரு தரம் சொல்லு, அம்மா சொன்னதுன்னு. போறும்."

"பாக்கலாம்" என்றான். விழாவில் அந்த வரியை அவரே வாசித்தால் எடுப்பாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அடையாறு மண்டபத்தில் பரத்வாஜ் நீளமாகப் பேசினான். அம்மாவைப் பற்றிய பேச்சே வரவில்லை. பிறகு காமாக்ஷியை அழைத்தார்கள். வரியை நிதானமாக வாசித்தார். பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, "இதை நான்தான் சொன்னேன். இவன்கிட்ட, போன்ல" என்றார்.

சபை அவனைப் பார்த்தது. அவன் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினான். "நேத்து பூரா இதையே படிச்சிண்டிருந்தா. தான் சொன்னதாவே தோணிடுத்து போலிருக்கு. அம்மாவுக்கு அறுபத்தெட்டு ஆறது."

பிரியமாகச் சிரித்தார்கள். கைதட்டினார்கள். ஞானியின் பெயரை அவன் தெளிவாக இன்னொரு முறை சொன்னான். கீழே இறங்கியவரின் கையை ஒரு டாக்டரம்மா பற்றிக்கொண்டு, "மறதிக்கு இப்பல்லாம் நல்ல மாத்திரை வந்திருக்கு மாமி" என்றார்.

அந்த மாத்திரையும் ஆள் மூலம்தான் வந்தது. சாயங்காலம் பரத்வாஜ் போன் செய்தான்.

"வேளாவேளைக்குப் போட்டுக்கறியா?"

"போட்டுக்கறேன்" என்றார் காமாக்ஷி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அது யார் பெயரில் போய்ச் சேருமோ.