உள்ளறையிலிருந்து வந்த பதில்

இது நடந்தது. நம்பாதவர்கள் புனிதாவையே கேட்கலாம், விழுப்புரத்தில்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்வாள். ஒரே ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வராது. வீட்டில் கேஸ் தீர்ந்தால்கூட "சிலிண்டர் முடிஞ்சிபோச்சி" என்பாள்.

அந்தச் சொல்... "காலி".

திண்டிவனத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. முதலாளி விருத்தாசலம். காட்டுப்பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள்தான் பெரும்பாலும் வாடிக்கை. தேர்தல் அறிவித்ததும் அவர்களில் பலர் துப்பாக்கியைக் கொண்டுவந்து கடையில் ஒப்படைப்பார்கள். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு வாங்கிப்போவார்கள். புனிதா அங்கே பில் போடுகிறவள். உள்ளறையில் உட்கார்ந்து துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுகிறவர் கிருஷ்ணசாமி. உள்ளறைக்குக் கடை வழியாகத்தான் போக முடியும். வேறு வாசல் கிடையாது.

பெரும்பாலும் ரெட்டைக் குழல் துப்பாக்கிகள். குழலுக்கு ஒன்றாக ரெண்டு விசை. நடுவில் மடித்தால் போதும், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நொடி வேலை. முதலாளி அதைச் செய்யமாட்டார். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"கிருஷ்ணசாமி, காலிதானே?"

"காலிதாங்க."

அவ்வளவுதான். விசையை இழுத்துக் காட்டுவார். டக், டக். வந்தவர்களும் வாங்கித் தோளில் வைத்து டக், டக். குழல் எப்போதும் புனிதாவின் மேசைப் பக்கம்தான் நீளும்.

"மொதலாளி, அந்தாண்ட செவுத்தப் பாத்துப் புடிக்கச் சொல்லுங்க."

"காலிதாம்மா."

"மடிச்சிப் பாத்தீங்களா?"

"கிருஷ்ணசாமி பாத்திருப்பான்."

"அவரு, நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருக்காரு."

"பன்னிகூட இவ்ளோ பயப்படாது, புனிதா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். மேசையையாவது தள்ளிப் போடுங்கள் என்று மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தாள். ஃபேன் காற்று வராது என்றுவிட்டார். புனிதாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி, தகப்பன் இல்லாத பிள்ளை. இந்த நாற்காலியில் தனக்கு ஒன்று ஆனால் அவளை யார் பார்ப்பது?

தேர்தல் நேரம், ஒரு மத்தியானம். வழக்கம்போல முதலாளி கேட்டார். உள்ளேயிருந்து வழக்கம்போலப் பதில் வந்தது. டக், டக்.

அடுத்த நிமிடம் கிருஷ்ணசாமி, தெருவிலிருந்து டீ பார்சலோடு கடைக்குள் வந்தார்.

"எங்கண்ணே போன?"

"டீக்கடைக்குத்தான். கூட்டம் தாங்கல."

புனிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கிருஷ்ணசாமி எப்போதும் "காலிதாங்க" என்பார். இப்போது கேட்டது "காலிதான்". மரியாதை இல்லாத பதில்.

இன்னொரு நாள் கிருஷ்ணசாமி லீவு. பனமலைக் கோயிலில் பேத்திக்குக் காது குத்தல். முதலாளிக்கு அது மறந்துபோயிற்று. கேட்டுவிட்டார்.

"காலிதான்."

புனிதா எழுந்து உள்ளே போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. ஃபேன் ஓடவில்லை. ஆணியில் மாட்டியிருந்த எண்ணெய்த் துணி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது... யாரோ இப்போதுதான் கையைத் துடைத்துவிட்டுப் போன மாதிரி.

"மொதலாளி, உள்ள ஆளே இல்ல."

"பக்கத்துக் கடையில எவனாவது பேசியிருப்பான். பேஜாரு பண்ணாத."

"பேயின்னே வெச்சிக்குங்க. அது பேச்ச நம்பித்தானே வெசைய இழுக்கறீங்க? ஒரு தடவ மடிச்சிப் பாத்தா கை தேஞ்சா பூடும்?"

கேட்கவில்லை.

ஓட்டு எண்ணி முடிந்தது. பெருமுக்கல் சீனுவாசன் தன் துப்பாக்கியை வாங்க வந்தார். கூடவே மனைவி கோவிந்தம்மாள். முட்டிவலிக்காரி. புனிதா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"ஜல்தியா குடுங்க மொதலாளி. மல்லாட்டக் கொல்லையப் பன்னி மொத்தமா கிண்டிப் போட்டுட்ச்சி. ஒரு கடல மிச்சமில்ல."

முதலாளி துப்பாக்கியை எடுத்தார். கிருஷ்ணசாமி அன்று உள்ளறைக்கு வெளியே நின்று, கடையின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புனிதாவுக்கு நேரெதிரே. முதலாளிக்குப் பின்னால்.

"காலிதானே?"

கிருஷ்ணசாமி நிமிர்ந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

உள்ளறையிலிருந்து...

"காலிதான்."

கிருஷ்ணசாமியின் குரல்.

கிருஷ்ணசாமி இங்கே நிற்கிறார். திறந்த வாய் திறந்தபடி.

குழல் திரும்பியது.

புனிதா கோவிந்தம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

டமார்.

புகை. காதுக்குள் ஒரே ரீங்காரம். இரண்டு பெண்களும் தரையில் கிடந்தார்கள். நாற்காலியில் சாயும் பலகை இல்லை.

"செத்துட்டனாடி?" என்றாள் கோவிந்தம்மாள்.

முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. "ஏன் புனிதா... நீதானே காலின்னு சொன்ன?"

"நானா?"

"உள்ளேர்ந்து. உன் கொரல்தான்."

"இல்லீங்க," என்றார் கிருஷ்ணசாமி. "அது உங்க கொரலுங்க."

போலீஸ் வந்தது. தோட்டாவோடு ஏன் ஒப்படைத்தாய் என்று சீனுவாசனைக் கேட்டார்கள். "குடுக்க வந்த அன்னிக்கே, உள்ள தோட்டா கீதுன்னு சொல்லத்தாங்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள உள்ளேர்ந்து காலிதான்னு சத்தம் வந்திச்சி. சரி, பாத்துட்டாங்கபோலன்னு வந்துட்டேன்."

முதலாளி போலீசிலும் புனிதாவின் பேரைத்தான் சொன்னார். மடித்துப் பாருங்கள் என்று தொண்டை காயக் கத்தியவள் அவள். காலி என்று சொன்னவளும் அவளேதான் என்று எழுதிக்கொண்டார்கள். மறுத்துச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கடையை மூடினார்கள். மிச்சமிருந்த துப்பாக்கிகளைப் போலீசே மடித்துப் பார்த்து, உரியவர்களிடம் கொடுத்தது. புனிதா அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

சில வாரம் கழித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஏட்டு லூர்துமேரியைப் பார்த்தாள். கடையில் துப்பாக்கிகளைச் சோதித்தவர் அவர்.

"எல்லாத்தையும் மடிச்சிப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தோமே. கடைசி ஒண்ண மட்டும் பாக்கல. கை வலி உயிர் போச்சி. அதான் நீ சொன்னியே."

"நான் இன்னா சொன்னேன்?"

"இது காலிதானேன்னு கேட்டேன். உள்ள ரூம்லேர்ந்து காலிதான்னு சொன்னியே."

"அன்னிக்கு நான் கடைக்கே வரல மேடம்."

லூர்துமேரி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அது யாரு துப்பாக்கி மேடம்?"

"கோலியனூர்... திருமுருகன்."

திருமுருகனின் நம்பர் புனிதாவிடம் இருந்தது. அங்கேயே நின்று அடித்தாள். அவர் மனைவி ஜெயம் எடுத்தாள்.

"அக்கா, புனிதா பேசறேன். உங்க வீட்டுத் துப்பாக்கி எங்க கீது?"

"இங்கதான். புள்ளைங்க வெச்சி வெளையாடிக்கினு கீதுங்க."

போனுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டக்.

"அக்கா, புடுங்குங்க. ரெண்டாவது வெசையத் தொட விடாதீங்க. உள்ள தோட்டா இருக்கும். புடுங்குங்கக்கா..."

போன் கீழே விழுந்தது. ஒரு பிள்ளை அழுதது. அப்புறம் சத்தமே இல்லை.

புனிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் கழித்து ஜெயத்தின் மூச்சு கேட்டது.

"மடிச்சிப் பாத்தேன். ஒரு குழல்ல இருக்குதுடி..."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்." ஜெயத்தின் குரல் உடைந்தது. "உனக்கு நான் இன்னாடி பாவம் பண்ணேன்? நேத்து போன் பண்ணி, அது காலிதான், மடிச்செல்லாம் பாக்க வேணாம்னு ஏன்டி சொன்ன?"