நாமும் நாங்களும்

அச்சகத்தில் பிழை திருத்தியே முடி நரைத்தவர் அவர். கைரேகை, அதிர்ஷ்டக்கல், முதலாளியின் பெருந்தன்மை மூன்றும் பொய் என்று தெருத்தெருவாக முழங்கியவர். இடுப்பெலும்பு முறிந்தபின் வீட்டோடு கிடந்தார். உலகத்தையே புரட்டிப் போடக் கிளம்பியவரை, மாலைதோறும் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து வரும் பெண் படுக்கையில் புரட்டிப் போட்டாள்.

அவள் பேச்சில் அவரால் பொறுக்க முடியாத பிழை ஒன்று உண்டு. நாம மாத்திரை போட்டோமா, நாம வாக்கர்ல நாலடி நடக்கலாமா, நாம குளிக்கலாமா என்பாள். விழுங்குவது நான், நனைவது நான், இதில் ‘நாம’ எங்கிருந்து வந்தது என்று தினமும் திருத்துவார்.

“சரிங்கய்யா, இப்ப நாம திரும்பிப் படுக்கலாம்” என்பாள்.

பக்கத்துத் தெரு வாசகசாலையில் பழைய கூட்டாளிகள் நாடகம் போடுவது தெரிந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வேஷம் கிடைத்தால்தான் தான் இன்னும் கணக்கில் இருக்கும் ஆள் என்று தோன்றியது. போனில் நண்பர் கனிவாகத்தான் சொன்னார்.

“நாங்க நடிக்கிறோம்ப்பா. நீ ரெஸ்ட் எடு.”

நாங்க. அதில் பிழை இல்லை. அவருக்கு இடமும் இல்லை.

ஒத்திகையோ குளிக்கும் நேரத்தில். நிறுவனத்தைக் கூப்பிட்டார். குளிப்பாட்டுவதுதான் சேவை, நாடகத்துக்குக் கூட்டிப்போவது அல்ல என்றார் மேற்பார்வையாளர். தேய்த்துக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைக்க மனிதன் என்ன பாத்திரமா என்று இவர் வெடித்தார். மறுமுனையில் அதற்குள் வைத்துவிட்டார்கள். உரையின் சிறந்த பகுதியைக் கேட்கும் பாக்கியம் சுவருக்குத்தான் கிடைத்தது.

வந்தவளிடம் மிச்ச உரையையும் கொட்டினார்.

“நடைப்பயிற்சி நம்ம சேவையில இருக்குல்ல? எந்தப் பக்கம் நடக்கணும்னு சொல்லலியே. வாங்க, நாம போலாம்.”

அவர் திருத்தவில்லை. “இன்னும் குளிக்கலியேம்மா” என்றார்.

“மாப்பிள்ளை வேஷமா கேக்கப் போறீங்க?”

வாக்கரை உருட்டிக்கொண்டு அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லா வேஷமும் கைமாறியிருந்தது. நண்பர் தலையைச் சொறிந்தார். எழுந்து நடக்கவே தேவையில்லாத வேஷம் ஒன்று மட்டும் பாக்கி, ஆனால் கேட்கவே பயமாயிருக்கிறது என்றார். பேய் வேஷம்.

பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ஊரைக் கூட்டி நிரூபித்த வாய் அது. கொள்கை கனைத்துக்கொண்டு பேச எழுந்தது. அதற்குள் ஆசை முந்திக்கொண்டது.

“பேய்க்கு வசனம் நிறைய உண்டில்ல?”