தாய்மாமன் மடியும் இரண்டு டின்களும்

முதல் நாள் திருமலையில் மகளுக்கு மொட்டை போட்டாயிற்று. மறுநாள் காலை சித்தூரில் என் புகுந்த வீட்டில் காது குத்து. மொட்டைக்கு லீவு கிடைக்காத என் தம்பி, காது குத்துக்கு வந்தே தீர வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவன் வராவிட்டால் ஒன்றுவிட்ட மாமனைத் தேடிப் பிடிப்பார்களே தவிர, பெற்ற அப்பாவின் மடிக்கு அந்த யோகம் கிடையாது.

தம்பிக்குப் பெங்களூரில் வேலை. அமெரிக்காவில் யாருக்காவது கிரெடிட் கார்டு தொலைந்துபோனால் ராத்திரி முழுக்க ஃபோனில் ஆறுதல் சொல்வான். கூலிக்கு நாற்று நட்டு எங்களைப் படிக்க வைத்த நைனா, பேசுவதற்கும் மாதச் சம்பளம் உண்டு என்பதை இன்னும் முழுதாக நம்பவில்லை. அன்று வேலை முடிந்த கையோடு, நண்பன் காரை ஓட்ட, பலமனேர் வழியாக எட்டு மணிக்கு வந்து இறங்கினான்.

இறங்கியதிலிருந்து வாய் ஓயவில்லை. பந்தல்காரருக்குத் தெலுங்கில் யோசனை சொன்னான். என் மாமியாருக்கு வட்டி விகிதம் விளக்கினான். பக்கத்தில் போனால் குழந்தையின் ஜுர மருந்து போல ஒரு தித்திப்பு வாசனை. அவன் வாங்கி வந்த கம்மலை எடுக்கப் பையைத் திறந்தேன். கம்மல் பெட்டிக்குக் கீழே இரண்டு காலி டின்கள், ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு.

டின்களோடு தம்பியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "இன்னாடா இது?"

"ஒல்லியா கீறது எனர்ஜி டிரிங்க்கு க்கா. சும்மா ஜூஸு மாரி."

"குண்டா கீறது?"

"அது... பீரு. ரெண்டும் கலந்து குட்ச்சா போதையே தெரியாது க்கா. ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

"போதை தெரியாதுன்னா அப்புறம் எதுக்குடா குடிக்கிறீங்க?"

அவன் டின்களை வாங்கிப் பைக்குள் திணிக்கப் பார்த்தான். என்னிடம் கேள்விகள் இன்னும் நிறைய இருந்தன. "தெரியாதுன்னா இல்லன்னு ஆயிடுமா? தெர்மாமீட்டர ஒடச்சிட்டா கொயந்தைக்கு ஜுரம் போயிடுமா?"

எங்கள் பெரியப்பா கள் குடித்தால் விழுவார், விழுந்தால் தூங்குவார். வரப்பில் கால் தெரிந்தால் வீட்டுக்கே விஷயம் தெரிந்துவிடும். குடியில் அது ஒரு நாணயமான முறை என்று அன்றுதான் எனக்குப் பட்டது. இந்தப் புதுக் கலவை ஆளையும் விழ விடாது, பார்ப்பவருக்கும் காட்டிக்கொடுக்காது. குடித்தவனுக்கே தான் நிதானமாக இருப்பதாக ஒரு நம்பிக்கை வேறு.

பால் பவுடர் டப்பா முதல் எல்லாவற்றிலும் பொடி எழுத்தைப் படிப்பது என் வழக்கம். ஒல்லி டின்னையும் படித்தேன். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் குடிக்கக் கூடாதாம். தாய்மாமன்களைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

"கையை நீட்டுடா."

நீட்டினான். ஃப்ரிட்ஜ் மேல் வைத்த டம்ளர் போல விரல்கள் அதிர்ந்தன. அவன் முகமும் மாறியது.

"பீரு மட்டும் குட்ச்சா கார்லயே தூங்கிப்பூடுவேன்னு பயந்துதான் க்கா அத்த கலந்தேன். மூஞ்சி வீங்கிக்கினு வந்து நின்னா மாமா வீட்ல இன்னா நெனப்பாங்க? இப்ப நெஞ்சு வேற அடிச்சிக்குது."

வெளியே சொன்னால் என் புகுந்த வீட்டார் முன் நைனா தலை குனிய வேண்டும். சொல்லாவிட்டால் என் மகளின் காது, ஆசாரியின் ஊசி, இவனுடைய கை. நல்ல தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? தெரியவில்லை. குழந்தைக்குப் பசி என்று வாங்கி வந்து சமையலறைக் கதவைச் சாத்தி, பசியே இல்லாத குழந்தைக்கு அரை மணி நேரம் பால் கொடுத்தேன். அதற்குள் தம்பிக்கு ஆறு இட்லியும் ஒரு சொம்பு மோரும் உள்ளே போயின. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

மாமியார் கதவைத் தட்டினார். "நல்ல நேரம் போய்க்கினே இருக்குது. உன் பொண்ணு காலேஜிக்குப் போறப்ப குத்திக்கலாம்னு கீறியா?"

வேறு வழியில்லை. தம்பி பலகையில் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தேன். அவன் எதிரில் நான் மண்டியிட்டு, குழந்தையின் தலையைப் பிடித்திருந்த அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் என் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆசாரி ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "யம்மா, கொயந்தய புடிக்கச் சொன்னா, மாமன புடிச்சிக்கினு கீறியே!"

பந்தலே சிரித்தது. மாமியார் தன் பங்குக்கு, "தம்பி மேல அவ்ளோ பாசம்" என்றார். நைனாவும் சிரித்தார். தம்பி மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இரண்டு காதும் குத்தியாயிற்று. அவள் வீரிட்டாள், சர்க்கரை கொடுத்ததும் அடங்கினாள். தம்பி எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தான்.

அன்று சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். வலக் காதின் துளை ஒரு நூல் மேலே இருந்தது. தம்பியைக் கூப்பிட்டுத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் வலப் பக்கம் குத்தியபோது நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒருவருடைய மணிக்கட்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருந்தால், நடுக்கம் யாருடையது என்று எப்படிச் சொல்வது? இத்தனைக்கும் நான் காலையில் காபி கூடக் குடித்திருக்கவில்லை.