யசோதா பெயர்த்துச் சொன்ன வாக்குமூலம்

யசோதா பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றும் அவருக்குச் சரளம். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருந்தார். புகார் எழுத வருகிறவர்கள்தான் அவருக்குப் பாதி வாடிக்கை.

1991 ஜூனில் ஒரு பகல், இன்ஸ்பெக்டர் கூப்பிடுகிறார் என்று கான்ஸ்டபிள் வந்து நின்றார். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் வாடகைக்கு இருந்த சிலோன்காரர்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பிஜாப்பூர்க்காரர், தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளோ, இந்தப் பெண் பேசுவது தமிழ் மாதிரியே இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் தவமலர். இருபத்திரண்டு வயது. முந்தின வருஷம் படகில் ராமேஸ்வரம் வந்தவள். அகதி முகாமில் நாலு மாதம் இருந்துவிட்டு, அனுமதி வாங்காமல் தொம்மலூரில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்டதை யசோதா தமிழில் கேட்டார். அவள் சொன்னதைக் கன்னடத்தில் சொன்னார். அவள் வேகமாகப் பேசினாள். பாதி புரிந்தது, பாதியை யசோதா ஊகித்துக்கொண்டார்.

கூடப்பிறந்தவர்கள் யார் என்று கேட்டபோது தவமலர் சொன்னாள்: "ஒரு அண்ணா. இயக்கப் பெடியள் வந்து கூட்டிக்கொண்டு போட்டாங்கள்."

பெடியள் என்றால் என்ன என்று யசோதா கேட்டார். பையன்கள் என்று அவள் விளக்கினாள். மிச்சம் புரிந்துவிட்டதாகவே யசோதாவுக்குப் பட்டது. இயக்கத்துப் பையன்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் இயக்கத்தில் போட்டார்கள், அதாவது சேர்த்துவிட்டார்கள். அப்படியே கன்னடத்தில் சொன்னார். அண்ணன் இயக்கத்தில் இருக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். தவமலர் கையெழுத்திட்டாள். மொழிபெயர்த்தவர் என்று யசோதாவும் அதன் கீழே கையெழுத்திட்டார்.

நாலாம் நாள், தவமலரின் சித்தி கமலவேணி கடைக்கு வந்தார். அவரிடம் விசா இருந்ததால் அவரை விட்டுவிட்டார்கள். கமிஷனருக்கு ஒரு மனு வேண்டும் என்றார். யசோதா மெஷினில் காகிதத்தைச் சொருகினார்.

"அண்ணன்காரனைப் பெடியள் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் எண்டு அடியுங்கோ. ஒரு வருஷமாத் தேடுறம். உயிரோட இருக்கிறானோ தெரியாது."

யசோதாவின் விரல் நின்றுவிட்டது. "கூட்டிட்டுப் போய் இயக்கத்துல போட்டாங்கன்னு தானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு?"

"போட்டாங்கள் எண்டா போயிட்டாங்கள். நீங்கள் என்னெண்டு நினைச்சீங்கள்?"

ஸ்டேஷனில் பெயர்த்துச் சொன்னது தான்தான் என்று யசோதா அப்போதே சொல்லிவிட்டார். கமலவேணி திட்டவில்லை. மனுவை முடித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே யசோதா இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனார். பெண்ணைத் தமிழ்நாட்டு போலீஸ் அழைத்துப் போய்விட்டது, பூட்டிய முகாம் ஒன்றில் வைப்பார்கள் என்றார் அவர். வாக்குமூலத்தில் இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அனுமதியில்லாமல் வந்ததுதான் அவள் குற்றம், அண்ணன் விஷயம் சும்மா எழுதியது, நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். அப்படியானால் அந்த வரியை அடித்துவிடலாமே என்று யசோதா கேட்டதற்கு, அவர் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

அன்றிலிருந்து யசோதாவுக்கு எதுவும் தெளிவாக இல்லை. தான் சொன்ன சொல்லால்தான் அவள் உள்ளே போனாளா? சரியாகவே சொல்லியிருந்தாலும் போயிருப்பாளா? கணவர் பழனிச்சாமி, உனக்குத் தெரிந்ததைத்தானே சொன்னாய், விட்டுவிடு என்றார். இன்னொரு நாள் அவரே, தெரியாத பேச்சுக்கு எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்றும் கேட்டார்.

கமலவேணி அமர்த்திய வக்கீல் கிருஷ்ணப்பா, அந்த வரியைத் தப்பாகப் பெயர்த்துவிட்டேன் என்று பிரமாணப் பத்திரம் தர முடியுமா என்று யசோதாவிடம் கேட்டார். "யோசிச்சுக்கோங்கம்மா. நாளைக்கு உங்களையே விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும் சார். ஆனா அவ பேசினதுல இன்னும் எதையெல்லாம் தப்பாச் சொன்னேன்னு எனக்கே தெரியல."

"தெரியலன்னே எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டைப் புரட்டினார். எத்தனை சிலோன்காரர்களைத் தெரியும் என்று கேட்டார். ஸ்டேஷன் பக்கமிருந்து வந்த வேலை நின்றுபோனது. டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது யசோதாவும் பழனிச்சாமியும் கதவைப் பூட்டிக்கொண்டு, தமிழ் வெளியே கேட்காமல் ரகசியக் குரலில் பேசினார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டி எந்த ஊர் என்று கேட்டார்கள். இந்த ஊர்தான் என்று யசோதா கன்னடத்தில் சொன்னார். சொல்லும்போது, பொய் சொல்கிறவள் போலக் குரல் நடுங்கியது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த வருஷம் தவமலரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சித்தியிடம் விலாசம் வாங்கியிருந்தாள். முகாமில் இங்கிலீஷ் தாள் ஒன்றைக் காட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்னவென்று சொல்ல மாட்டேனென்கிறார்கள், நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்று எழுதி, எழுத்து எழுத்தாக அதைப் பார்த்து வரைந்து அனுப்பியிருந்தாள். அந்தத் தாளில், நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் இலங்கைக்குத் திரும்பிப் போகிறேன் என்றிருந்தது.

யசோதா அதை எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் இங்கிலீஷ் டீச்சராக இருந்த தோழி மௌரீனிடம் போனார். இருவரும் ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தார்கள். கையெழுத்துப் போடாதே என்று எழுதிவிடு என்றாள் மௌரீன். யசோதாவால் அப்படி எழுத முடியவில்லை. போட்டால் குண்டு விழுகிற ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால் எத்தனை வருஷம் பூட்டி வைப்பார்களோ, யார் கண்டது? தாளில் உள்ளது இதுதான், போடச் சொல்லி உன்னை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, எது நல்லது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை என்று எழுதிப் போட்டார்.

தவமலர் கையெழுத்துப் போடவில்லை. 1993இல் அவளைப் பூட்டிய முகாமிலிருந்து சாதாரண முகாமுக்கு மாற்றினார்கள். கிருஷ்ணப்பா அந்த உத்தரவைக் கொண்டுவந்து காட்டினார். யசோதாவின் பிரமாணப் பத்திரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எதனால் மாற்றினார்கள் என்றும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, மூன்று நாள் அனுமதியில் தவமலர் பெங்களூர் வந்தாள். மர்பி டவுன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். யசோதா நாலு வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"நான் தப்பாச் சொன்னதாலதான் உன்னை வெச்சிருந்தாங்களாம்மா?"

தவமலர் யோசித்தாள். "முதல் மூண்டு மாதம் அண்ணாவைப் பற்றித்தான் கேட்டவை, அக்கா. பிறகு ஒருத்தரும் கேக்கேல்ல. கேக்காமலே வச்சிருந்தவை."

"ஏன்?"

"எனக்கும் தெரியாது."

கோபமா என்று கேட்க யசோதாவுக்கு வாய் வரவில்லை. தவமலர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் மாலைக்குள் முகாம் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கிளம்பினாள். யசோதா பஸ் ஏற்றிவிடப் போனார். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டுதான் போனார்கள். அவள் சொன்னதில் சில சொற்கள் அன்றும் யசோதாவுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.